சுவரில் தலைகீழாக இரண்டு பேர்

மொந்தேராவில் கீனோவுக்குப் பிடிக்காத பெயர் ஒன்று இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னவன்மீது அவன் ஒருமுறை சுண்ணாம்பு வாளியை வீசியிருக்கிறான். இன்னொரு முறை கோயில் வாசலில், பாதிரியாரின் கண் முன்னாலேயே, ஒரு செருப்புத் தைப்பவனின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறான். 'தலைகீழ் கீனோ' என்பது அந்தப் பெயர்.

சியனா சாலையில் இருந்த மற்ற ஊர்களைப் போலத்தான் மொந்தேராவும். ஊரை ஏமாற்றியவன் ஓடிப்போய்விட்டாலோ செத்துப்போய்விட்டாலோ, அவனைச் சும்மா விட மாட்டார்கள். ஊர்மன்றத்தின் வெளிச்சுவரில் அவனைப் படமாக வரைந்து, ஒற்றைக் காலில் கயிறு மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். அடியில் பெயர் எழுதுவார்கள். சுவரில் ஏறியவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். அவன் மகனை எந்தப் பட்டறையும் சேர்த்துக்கொள்ளாது. மன்றம் கூடி முடிவெடுக்காமல் அந்தப் படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் கையை வெட்டுவார்கள்.

இந்த வேலைக்கு ஓவியர்கள் யாரும் வர மாட்டார்கள். அந்தப் பீடை தங்களையும் பிடித்துக்கொள்ளும் என்று பயம். கீனோவுக்கு அப்போது இருபது வயதுதான் இருக்கும். தோல் பதனிடுகிறவனின் மகன். மணப்பெண்ணின் சீர் வைக்கும் கல்யாணப் பெட்டிகளுக்குப் படம் போடும் பட்டறையில் வேலை பழகி முடித்து, சாப்பாட்டுக்கே அலைந்துகொண்டிருந்தான். கூப்பிட்டதும் வந்துவிட்டான்.

வந்தவன் அதை நன்றாகவும் செய்து தொலைத்தான். அதுதான் அவன் தலையெழுத்து. தலைகீழாகத் தொங்குகிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க, தன் சிநேகிதன் நென்ச்சோவைச் சாரத்தில் கட்டித் தொங்கவிட்டான். நென்ச்சோ கொத்தனார். எதற்கும் சிரிப்பவன்.

"டேய், கயிறு தாங்குமாடா?"

"கயித்தை நான் பாத்துக்கறேன். நீ வாயை மூடு. பேசினா கன்னம் ஆடுது."

கன்னச் சதை கண்ணை நோக்கி இறங்கியது. நெற்றி புடைத்தது. உதடு வேறு யாருடையதோ போல ஆனது. கீனோ வரைந்து முடிப்பதற்குள் நென்ச்சோ காலையில் தின்ற வெங்காய ரொட்டியெல்லாம் வெளியே வந்துவிட்டது. அவிழ்த்துவிட்டதும் தரையில் உருண்டு உருண்டு சிரித்தான்.

திவாலாகி ஓடிய வட்டிக்கடைக்காரனை, கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட காவலனை, இன்னும் சிலரை கீனோ அந்தச் சுவரில் தொங்கவிட்டான். தத்ரூபமாக இருக்கிறதென்று ஊர் பாராட்டியது. பாராட்டிவிட்டு அந்தப் பெயரை அவன் முதுகில் ஒட்டியது. அதற்குப் பிறகு கல்யாணப் பெட்டி வரைய ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. மணப்பெண்ணின் பெட்டியில் தூக்குக்காரன் கை படலாமா?

அந்தக் கோபம்தான் அவனை வேறு வேலைக்குத் தள்ளியது. தொங்கும் உடம்புகளை வரைந்து வரைந்து, கயிறு எங்கே இழுக்கிறது, பாரம் எங்கே விழுகிறது என்பது அவனுக்குக் கையிலேயே இருந்தது. பெரிய கோயிலின் புது மணியைக் கோபுரத்தில் ஏற்ற முடியாமல் ஊரே விழி பிதுங்கி நின்றபோது, உருளைகளும் பற்சக்கரமும் வைத்து ஒரு ஏற்றம் செய்தான். பெண்கள் சேர்ந்து சுற்றினாலே மணி மேலே போனது. பிறகு கம்பளி துவைக்கும் ஆலை, சந்தைத் திடலுக்கு ஊற்றுநீர் கொண்டுவந்த குழாய் என்று தொடர்ந்தது. வேலை செய்த இடத்திலெல்லாம் கல் வேலைக்கு நென்ச்சோதான். நாற்பது வயதை நெருங்கும்போது ஊரில் பாதிப்பேர் அவனை 'மேஸ்திரி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அப்போதுதான் அணை வந்தது.

கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியர் கைக்குப் போன செய்தி வந்த வருடம் அது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் இறைச்சி கூடாது. மொந்தேரா மலைமேல் இருக்கிறது. கடலிலிருந்து வரும் உப்புமீன் பாதி வழியிலேயே நாறிவிடும். பள்ளத்தாக்கில் ஓடையை மறித்து ஏரி ஒன்று கட்டி, அதில் கெண்டையும் விலாங்கும் வளர்த்தால் நம் மீனை நாமே தின்னலாம் என்று மன்றம் முடிவு செய்தது. வேலை கீனோவுக்கு வந்தது. மன்றத்தின் சார்பில் கட்டட வேலைகளுக்குப் பொறுப்பாளர் கோர்ஸோ, கொழுத்த கன்னமும் இமையில் ஒரு தழும்பும் உள்ளவர். ஊரில் சுண்ணாம்புச் சூளை வைத்திருந்தவரும் அதே கோர்ஸோ. இந்த இரண்டும் ஒரே ஆளாக இருப்பதில் ஊரில் யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை.

முதல் வண்டிச் சுண்ணாம்பு வந்து இறங்கியதுமே கீனோ கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். சுவரில் படம் போடுகிறவனுக்குச் சுண்ணாம்பு என்பது சோறு மாதிரி. வெந்ததா வேகாததா என்று தொட்டவுடனே தெரிந்துவிடும். கல்லை நன்றாகச் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றி, குழியில் போட்டு ஒரு குளிர்காலமாவது தண்ணீருக்கடியில் ஊறவிட வேண்டும். வந்திறங்கியது அரைவேக்காடு. பாதி சாம்பல் வேறு.

"ஐயா, இது சுண்ணாம்பு இல்ல. விரல்ல தேய்ச்சுப் பாருங்க, மணி மணியா நிக்குது."

"படம் போடுற சுண்ணாம்பு வேற, அணைச் சுண்ணாம்பு வேற, மேஸ்திரி," என்றார் கோர்ஸோ. "மீன் என்ன சுவரழகைப் பாக்கவா வருது?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். கீனோ பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

இலையுதிர் காலத்தில் சுவர் எழும்பி முடிந்தது. அடுத்த கோடை கழியும்வரை மதகை மூடக் கூடாது, காரை இறுக வேண்டும் என்று கீனோ சொன்னான். கோர்ஸோ கேட்கவில்லை. மீன் பீப்பாயில் வந்து காத்துக் கிடக்கிறது, வரும் தவக்காலத்துக்கே தட்டில் மீன் இருக்க வேண்டும் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ரிபால்த்தாக்காரன் ஒருத்தன் இந்த வேலையைக் கேட்டு ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டான். உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லு," என்றார்.

ரிபால்த்தா பக்கத்து ஊர். அங்கேயும் ஓவியன் உண்டு, இயந்திரம் செய்கிறவன் உண்டு. இந்த அணை அவன் பேருக்குப் போய்விட்டால் தான் மறுபடியும் தலைகீழ் கீனோதான் என்று கீனோவுக்குப் பட்டது.

மதகுப் பலகையை இறக்கும் சக்கரத்தருகே நென்ச்சோ வழிமறித்து நின்றான்.

"இறக்காதடா. காரை இன்னும் நகத்துக்கு எடம் குடுக்குது."

"நீ கல்லைப் பாரு. மதகை நான் பாத்துக்கறேன்."

"அன்னைக்கும் இதையேதான் சொன்ன. கயித்தை நான் பாத்துக்கறேன்னு. எனக்கு வயிறு காலியானதுதான் மிச்சம்."

நென்ச்சோ சிரித்துக்கொண்டே சொன்னான். கீனோ சிரிக்கவில்லை. அவனைத் தள்ளிவிட்டுத் தன் கையாலேயே சக்கரத்தைச் சுற்றிப் பலகையை இறக்கினான்.

கிறிஸ்துமஸை அடுத்து வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் மழை பிடித்தது. விடவே இல்லை. ஏரி விளிம்புவரை ஏறியது. கீனோ ஓடி வருவதற்கு முன்னால் நென்ச்சோ தனியாகப் போய் மதகைத் தூக்கப் பார்த்தான். பலகை ஒரு சாண் எழும்பியிருக்கும். சுவர் நடுவில் பிளந்தது. கீழே இருந்த மாவு ஆலையையும், ஆலைக்காரனையும், அவன் மனைவியையும் தண்ணீர் கொண்டுபோனது. நென்ச்சோவின் உடம்பு ஓடைக்கரை மரங்களுக்கிடையே சிக்கிக் கிடந்தது. மேலெல்லாம் கெண்டை மீன்கள் செத்துக் கிடந்தன.

இடிந்த சுவரின் கல்லொன்றைக் கீனோ கையில் எடுத்தான். காரை கூழ் மாதிரி வழிந்தது.

ஊர் கொதித்தது. யாரையாவது தொங்கவிட்டாக வேண்டும். மன்றம் கூடியது. கொத்தனார் மணலை அள்ளிப்போட்டுச் சுண்ணாம்பைக் குறைத்துவிட்டான் என்று கோர்ஸோ எழுந்து சொன்னார். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. வாக்குப் பெட்டியில் கறுப்பு அவரைக்கொட்டை போட்டால் சம்மதம், வெள்ளைக்கொட்டை போட்டால் மறுப்பு. பெட்டியைத் திறந்தபோது அநேகமாக எல்லாமே கறுப்பு.

மறுநாள் கோர்ஸோ கீனோவின் பட்டறைக்கு வந்தார்.

"நென்ச்சோவைச் சுவத்துல ஏத்தணும். உன்னைவிட நல்லா அவனை யாருக்குத் தெரியும்?"

"கொத்தனார் என்ன தப்புப் பண்ணான்? உங்க சூளை என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதானே மதகை இறக்கின?"

கீனோவின் முகத்தில் அறைந்தது போல இருந்தது. பொய்யைச் சொல்லியிருந்தால் திருப்பி அடித்திருப்பான். சொன்னது உண்மை.

"மாட்டேன்னா?"

"ரிபால்த்தாக்காரனைக் கூப்பிடுவோம். அவன் நென்ச்சோவையும் போடுவான், உன்னையும் போடுவான். என் பேரு எதுலயும் வராது. நல்லா யோசி, மேஸ்திரி."

அன்று பிற்பகல் நென்ச்சோவின் மனைவி தாஞ்சா, மகள் பியேராவையும் இழுத்துக்கொண்டு வந்தாள். கொல்லையில் தன் சொந்தச் சுண்ணாம்புக் குழியருகே கீனோ உட்கார்ந்திருந்தான். எப்போதும் 'அண்ணே' என்று கூப்பிடுகிறவள் அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"அவரைச் சுவத்துல ஏத்துறது உன் கையாலதானாமே."

அவன் குழியிலிருந்த சுண்ணாம்பைக் குச்சியால் கிளறினான்.

"அந்த மனுஷனுக்காக அழுது தீத்துட்டேன். இவளுக்கு என்ன சொல்ற? ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாணம். ரிபால்த்தாவுல இருந்து மாப்பிள்ளையோட அப்பன் ஆள் அனுப்பிட்டான். சுவத்துல ஏறினா சம்பந்தம் கிடையாதாம்."

"தாஞ்சா, நான்..."

"பேசாத. நல்லாத்தான் வரைவ, வரை. மூக்குக்குப் பக்கத்துல மரு இருக்கும். மறந்து தொலைச்சிடாத."

பியேரா அம்மாவின் பின்னால் ஒதுங்கினாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போகும்போது மட்டும் திரும்பி, "மாமா, அப்பா ஒரு நாளும் மணலைக் கூட்டிப் போட்டதில்ல," என்றாள். 'எனக்குத் தெரியும்' என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. தெரியும் என்பதால்தான் எழவில்லை.

சாப்பாட்டின்போது அவன் மனைவி நூத்தா, பயற்றங்கஞ்சியை அவன் முன்னால் தள்ளினாள்.

"வரையலேன்னா?"

"என்னையும் சேத்து ஏத்துவாங்க. ஊரை விட்டுப் போகணும்."

"வரைஞ்சா?"

"ஊர்லயே இருக்கணும்."

நூத்தா அவனை நிமிர்ந்து பார்த்தாள். ரொட்டியைப் பிட்டு கஞ்சியில் போட்டாள். "கழுதைக்கு லாடம் தேஞ்சு போச்சு, தூரம் போகாது. அடிக்கச் சொல்லவா?"

"சொல்லு."

மறுநாள் காலையிலேயே கீனோ மன்றத்துச் சுவரில் சாரம் கட்டினான். முன்னால் கோரைப் பாய்களைத் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டான். கோர்ஸோவின் சூளைச் சுண்ணாம்பைத் தொடவில்லை. தன் குழியில் வருஷக்கணக்காக ஊறி வெண்ணெய் போலிருந்த சுண்ணாம்பைத்தான் கொண்டுபோனான். ஈரக் காரையில் போட்ட நிறம் காரையோடு சேர்ந்து கல்லாகிவிடும். எந்த மழைக்கும் போகாது.

சுவரில் படம் போடுகிறவன் மேலிருந்து கீழாகத்தான் வருவான். இல்லாவிட்டால் மேலே வழியும் காரை கீழே முடித்த வேலையைக் கெடுத்துவிடும். தலைகீழாகத் தொங்குகிறவனை வரையும்போது முதலில் வருவது கால்தான். முகம் கடைசி நாளில்தான் வரும். அதற்கு முன் யார் எட்டிப்பார்த்தாலும் கயிறும் காலும் சட்டையும்தான் தெரியும்.

மன்றத்துக் காவலன் மேயோ எட்டிப்பார்த்தான்.

"மேஸ்திரி, நாலு காலு இருக்கு?"

"அணையை ஒருத்தன் தனியாவா கட்டினான்?"

"அதுவும் நியாயந்தான். ரெண்டாவது ஆளு யாரு, சுண்ணாம்பு வண்டிக்காரனா?"

"கிட்டத்தட்ட," என்றான் கீனோ.

முகங்களுக்கு முந்தைய நாள் வீட்டில் பெஞ்சின் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டுப் படுத்தான். நூத்தா துலக்கிய செப்புத் தாம்பாளத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் சரிஞ்சு படுங்க. ம். இப்பத்தான் பாக்கச் சகிக்கல."

"ஆட்டாத."

"எனக்குக் கை வலிக்குது. ஊரே பாக்கப்போற மூஞ்சி, கொஞ்சம் அழகாப் போட்டாத்தான் என்ன?"

தன் முகத்தை அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கோர்ஸோவின் முகத்துக்கு அது கூடத் தேவைப்படவில்லை. கொழுத்த கன்னம் கண்ணை நோக்கி எப்படி இறங்கும் என்பதை நென்ச்சோ என்றைக்கோ சாரத்தில் தொங்கிக் காட்டியிருந்தான். கோர்ஸோவின் இமைத் தழும்பை ஒரே இழுப்பில் போட்டான். தன் பெயரை எழுதத்தான் நேரம் பிடித்தது.

சந்தை நாள் காலையில் பாய்களை அறுத்துக் கீழே தள்ளினான்.

முதலில் வந்தவள் கஷ்கொட்டை விற்கிறவள். கூடையோடு நின்று பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இது யாரு, நம்ம கோர்ஸோ ஐயா மாதிரி இல்ல?"

பக்கத்தில் நின்ற கசாப்புக்காரன் திரும்பிக் குனிந்து, தன் கால்களுக்கிடையே தலையை விட்டுப் பார்த்தான். "மாதிரி என்ன மாதிரி. அவரேதான். தழும்பு கூட இருக்கு."

கொஞ்ச நேரத்தில் திடல் முழுவதும் ஆட்கள் குனிந்து பார்த்தார்கள். சிரிப்பு எழுந்தது. கீனோ சாரத்தில் ஏறி நின்றான்.

"சிரிக்காதீங்க," என்றான். "சுண்ணாம்புல சாம்பலைக் கலந்தது அவரு. அது சாம்பல்னு தெரிஞ்சே மதகை இறக்கினது நான். வேண்டாம்னு சொன்னவன் நென்ச்சோ ஒருத்தன்தான். திறக்கப் போய்ச் செத்தவனும் அவன்தான். ஆலைக்காரன் வீட்டுல ரெண்டு பொணம் விழுந்துச்சே, அதுக்கு நீங்க எல்லாரும் கறுப்பு அவரை போட்டுச் செத்தவனைத் தொங்கவிடப் பாத்தீங்க. த்தூ."

சிரிப்பு நின்றது. கோர்ஸோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் படத்தில் இருந்ததைவிடச் சிவந்திருந்தது.

"பொறாமையில போட்டிருக்கான். வேலை தெரியாத பய, பழியை என் மேல போடுறான்."

"அப்ப பக்கத்துல தன்னையே எதுக்குப் போட்டான்?" என்று கஷ்கொட்டைக்காரி கேட்டாள்.

கோர்ஸோ சுவரை நோக்கிப் பாய்ந்தார். மேயோ ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"கை வைக்காதீங்க ஐயா. மன்றம் சொல்லாம கை வச்சா கை போயிடும். நீங்க எனக்குச் சொல்லிக்குடுத்ததுதான்."

மாலைக்குள் மன்றம் கூடியது. கறுப்பு அவரை போட்டு கோர்ஸோவின் படத்தைச் செதுக்கி எடுக்கச் சொன்னார்கள். அதே கையோடு இன்னொரு முறை கறுப்பு அவரை போட்டு, கீனோவின் படத்தை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு அவனை ஊரைவிட்டு விலக்கினார்கள். அதுதான் அவர்களுடைய நீதி. ஆனால் நென்ச்சோவைச் சுவரில் ஏற்ற வேண்டும் என்ற பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் சூளையின் பேச்சும் எழும். எடுப்பதற்கு கோர்ஸோவுக்கு முகமில்லை.

கோட்டை வாசலில் தாஞ்சா நின்றிருந்தாள். கழுதையின் மேல் ஒரு வெங்காயச் சரத்தைப் போட்டாள்.

"வழிக்கு வச்சுக்கோங்க, அண்ணே," என்றாள். அவனை மன்னித்தாளா என்பது அவனுக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை.

கீனோ ஆற்றுக்கு அப்பாலிருந்த சான் வீத்தோவில் குடியேறினான். அங்கே ஆலைச் சக்கரங்கள் செய்தான், தூரத்துத் துறைமுகத்துக்குப் பாரந்தூக்கி செய்தான், உப்பளத்துக்கு மதகு போட்டான். அதற்குப் பிறகு எந்தச் சுவரிலும் படம் போடவில்லை. எந்தக் காரையையும் நகத்தால் கீறிப் பார்க்காமல் விடவில்லை. அவசரப்படுத்தியவர்களைத் திட்டினான். கணக்குப்பிள்ளைகளைத் திட்டினான். ஒரு முறை ஆயரின் காரியஸ்தரையே ஏணியிலிருந்து இறங்கச் சொல்லித் திட்டினான். வயது ஏற ஏறக் கோபமும் ஏறியது. நூத்தா மட்டும்தான் அதற்குப் பயப்படாதவள்.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள் பியேரா அவனைத் தேடி வந்தாள். ரிபால்த்தாவிலிருந்து கழுதை மேல், மடியில் ஒரு பெண்குழந்தையோடு வந்தாள். நடுவில் மொந்தேராவுக்குப் போய் அம்மாவையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள். குழந்தைக்கு நென்ச்சாவென்று பெயர் வைத்திருந்தாள்.

"மாமா, நீங்க இன்னும் அங்கதான் தொங்குறீங்க. நிறம் கொஞ்சங்கூட மங்கல."

"அது என் சுண்ணாம்பு."

"பக்கத்துல அவரைச் செதுக்குனாங்கள்ல, அது ஆள் உருவத்துலயே பள்ளமா நிக்குது. தலை, தொப்பை, கால் எல்லாம் அப்படியே. சின்னப் பிள்ளைங்களுக்குக் கூட அது யாருன்னு தெரியும். அவரும் காரை போட்டுப் பூசிப் பூசிப் பாத்தாரு. ஒவ்வொரு குளிருக்கும் உதிர்ந்து விழுந்துடுது." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் சிரிப்பு.

கீனோ சிரிக்கவில்லை.

"பூசுறதுக்குச் சுண்ணாம்பு எங்க வாங்குறாங்க?"

"அவர் சூளையிலதான். ஊர்ல வேற சூளை ஏது?"

"நீ வந்த வழியில புதுசாப் பாலம் கட்டியிருக்காங்களாமே. ஆத்துக்குக் குறுக்க."

"ஆமா. போன வருஷம் முடிச்சாங்க. அதுல ஏறித்தான் வந்தேன்."

"அதுக்குச் சுண்ணாம்பு?"

பியேராவின் சிரிப்பு பாதியில் நின்றது. குழந்தையை இறுக்கிக்கொண்டாள். கீனோ எழுந்து சுவரோரம் இருந்த தடியை எடுத்தான். அதை அவள் பக்கம் நீட்டினான்.

"திரும்பிப் போறப்ப கழுதையை ஆத்துல இறக்கிப் போ," என்றான். "இடுப்பளவு தண்ணிதான். நனைஞ்சா நனைஞ்சுட்டுப் போகுது. பாலத்துல ஏறாத."